வெள்ளிக் கரண்டி: உழவு கூறும் ஒரு சித்திரக் கதை

உண்ணாதார் உலகில் ஒருவருமிலர். ஆயினும், தாம் உண்ணும் உணவு எவ்விடத்திற் பிறந்து, எவர் கையால் வளர்ந்து, எவ்வாறு தம் இலையை வந்தடைந்தது என எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலரே. யாமும் அண்மைக் காலம் வரையில் எண்ணாதார் கூட்டத்திலேயே இருந்தோம். மணியடித்தவுடன் விடுதியின் உணவுக்கூடத்திற் புகுவதும், இட்டதை உண்பதும், சில நாளில் அதனைக் குறைகூறி எழுவதுமே யாம் கற்றிருந்த உணவு நூலாகும். எமது இவ்வறியாமையை அசைத்தது ஒரு நூல். அஃது அறநூலன்று, பொருளாதார நூலுமன்று, இளைஞர்க்கென வரையப்பட்ட ஒரு சித்திரக் கதை. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வார் சித்திரக் கதை படித்ததைக் கல்லூரி மலரில் எழுதுவதோ என்று நகைப்பாரும் உளராவர். அவ்வன்பர்கள் இக்கட்டுரையை இறுதிவரை படித்தபின் நகைக்குமாறு வேண்டிக்கொள்கின்றோம்.

மங்கா என்பது யாது?

ஜப்பானியர் தம் சித்திரக் கதைகளை ‘மங்கா’ என வழங்குவர். மாங்காயோடு இதற்கு யாதொரு தொடர்பும் இல்லை என்பதை, எம் அறைத் தோழர் ஒருவர் கேட்ட வினாவை நினைந்து, முற்படவே கூறிவைக்கின்றோம். கட்டின்றி மனம்போனவாறு வரையும் ஓவியம் என்பது அச்சொல்லின் பொருள். ஹொக்குசாய் என்னும் பேரோவியரின் வரைபடத் தொகுதி ஒன்றன் முதற் பகுதி 1814ஆம் ஆண்டில் இப்பெயர் தாங்கியே வெளிவந்தது. பிற்காலத்தில் இச்சொல், கட்டங்கட்டமாகப் பகுத்த படங்களாற் கதை கூறும் நூல்வகைக்கு உரியதாயிற்று. இக்கதைகள் பெரும்பாலும் முதற்கண் வார இதழ்களிலும் மாத இதழ்களிலும் தொடராக வெளிவந்து, பின்னர்ச் சிறு நூல்களாகத் தொகுக்கப்பெறும். இவற்றை வலப்புறத்தினின்று இடப்புறமாகப் படித்தல் வேண்டும். நமக்கு இறுதிப் பக்கமாகத் தோன்றுவதே அவர்க்கு முதற் பக்கம். யாம் இதனை உணராது சில பக்கங்களை நம் வழக்கப்படி படித்து, விடை முன்னும் வினாப் பின்னுமாக உரையாடல் நிகழ்வது கண்டு திகைத்தோம்.

மங்காக்களிற் பல, போரையும் வீரத்தையும் மாயத்தையும் பொருளாகக் கொண்டவை. ஆயின், அன்றாட வாழ்வையே பொருளாகக் கொண்ட வகையும் ஒன்று உண்டு. அதில் அரக்கரை வெல்லும் வீரன் இலன். மறைந்த புதையலும் இல்லை. காலையில் எழுதல், தொழில் செய்தல், உண்ணுதல், நண்பரோடு பிணங்குதல், மீண்டும் கூடுதல் ஆகிய இவையே அதன் கதைப்பொருள். ஒரு பொருளின் இயல்பை உள்ளவாறே அழகு தோன்றக் கூறுவதைத் தன்மை நவிற்சி என்னும் அணியாக நம் அணிநூலார் வகுப்பர். அவ்வணியை ஒரு நூல் முழுதும் பரப்பினாற் போல்வது இவ்வகைக் கதை. யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்த ‘வெள்ளிக் கரண்டி’ இவ்வகையைச் சார்ந்தது. அது ‘ஷோனென் சண்டே’ என்னும் வார இதழில் 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி, இடையிடையே நின்றும் தொடர்ந்தும், 2019ஆம் ஆண்டு நவம்பரில் முற்றுப்பெற்றது. 15 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. 2012ஆம் ஆண்டில் மங்கா தைஷோ என்னும் பரிசையும் அடைந்தது. 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே யாம் இதனைப் படித்தோம்.

உழுத கையே வரைந்த கை

இந்நூலை இயற்றியவர் ஹிரோமு அரகாவா என்னும் அம்மையார். இவர் 1973ஆம் ஆண்டில், ஜப்பானின் வடகோடித் தீவாகிய ஹொக்கைடோவில், தொக்காச்சி என்னும் நிலப்பகுதியிற் பால்மாட்டுப் பண்ணை நடத்திய குடும்பத்திற் பிறந்தார். வேளாண்மை கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளியிற் பயின்று, அதன்பின் ஏழாண்டுகள் தம் குடும்பத்தின் பண்ணையிலேயே உழைத்தார். 1999ஆம் ஆண்டில் தோக்கியோ நகரம் சென்று ஓவியத் தொழிலை மேற்கொண்டார். 2001 முதல் 2010 வரை அவர் வரைந்த ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ என்னும் வீரக்கதை உலகெங்கும் அவர்தம் பெயரைப் பரப்பிற்று. அத்துணைப் புகழ் வாய்த்த பின்னர், அதனைப் போன்றதொரு போர்க்கதையையே மீண்டும் வரைந்திருப்பின் அவரைக் குறைகூறுவார் எவருமிலர். அவரோ தாம் பிறந்த மாட்டுக் கொட்டிலுக்கே திரும்பினார். தம் உருவத்தை வரைய நேரும்போது, மூக்குக் கண்ணாடி அணிந்த ஒரு பசுவாகவே அவர் வரைந்துகொள்வது வழக்கம். இது நகைச்சுவையே எனினும், பிறந்த குடியை மறைக்க விரும்பாத பெருமிதமும் அதனுள் உண்டு என்பது எம் கருத்து.

உழவரைப் பற்றி எழுதினார் எந்நாட்டிலும் பலர். உழுது பின் எழுதினார் சிலர். இவ்விரு திறத்தார்க்கும் உள்ள வேறுபாடு இந்நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் புலனாகின்றது. வெறுமனே கண்டு வரைபவர், புல்வெளியையும் அதன்மேற் கவிந்த வானத்தையும் வரைவர். உழைத்து வரைபவர், அவற்றோடு சாண வண்டியையும், விடியற்காலைக் குளிரில் மரத்த விரல்களையும், மாட்டின் உதையால் வீங்கிய காலையும் சேர்த்தே வரைவர்.

கதை நிகழும் நாடு

ஹொக்கைடோவின் வரலாற்றைச் சிறிதேனும் அறியாதார்க்கு இக்கதையின் ஆழம் புலப்படாது. முற்காலத்தில் எசோ எனப்பட்ட அத்தீவு ஐனு என்னும் பழங்குடி மக்களின் தாயகம். 1869ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசினர் அதற்கு ஹொக்கைடோ எனப் பெயரிட்டு, தென்பகுதி மக்களை அங்கே குடியேற்றினர். குடியேறியோர் காட்டை அழித்துக் கழனியாக்கினர். அதனால் ஐனு மக்கள் தம் வேட்டை நிலத்தையும் மீன்பிடி துறைகளையும் இழந்தனர். 1876ஆம் ஆண்டில் சப்போரோ நகரில் ஒரு வேளாண்மைக் கல்லூரி நிறுவப்பட்டது. அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் வேளாண்மைக் கல்லூரித் தலைவராகிய வில்லியம் கிளார்க் என்பார் அதனைத் தொடங்கி நடத்த வந்தார். 1883ஆம் ஆண்டில் பன்சேய்ஷா என்னும் குழுவினர் தொக்காச்சியிற் புகுந்து, இன்று ஒபிஹிரோ நகரம் விளங்கும் இடத்தில் நிலந்திருத்தத் தொடங்கினர். அவர்களை வெட்டுக்கிளியும் உறைபனியும் வாட்டின. இன்று ஜப்பான் நாட்டிற் கறக்கப்படும் பாலிற் பாதிக்கு மேற்பட்டது ஹொக்கைடோவினின்றே வருகின்றது. கதையில் வரும் பள்ளியின் பெயர் ஓயெசோ வேளாண் உயர்நிலைப் பள்ளி என்பது. அப்பெயரினுள் ‘எசோ’ என்னும் பழம்பெயர் இன்றும் ஒலித்துக்கொண்டிருத்தல் காண்க.

காட்டைத் திருத்திய காலத்திற் கட்டைகளை இழுத்த பெருங்குதிரைகளின் மரபு ‘பன்னேய்’ என்னும் பந்தயமாக அங்கு எஞ்சியுள்ளது. ஒரு டன் எடையளவும் வளரும் அக்குதிரைகள், இரும்புச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு, 200 மீட்டர் நீளமுள்ள நேர்பாதையில் இரு மேடுகளை ஏறியிறங்கல் வேண்டும். மேட்டின் அடியில் அவை நின்று மூச்சு வாங்கும், ஓட்டுவோனும் காத்திருப்பான். விரைந்தோடுதல் அன்று, வேண்டுமிடத்து நின்று பின் இழுத்தலே அப்பந்தயத்தின் நுட்பம். 2007ஆம் ஆண்டு முதல் இப்பந்தயம் ஒபிஹிரோவில் மட்டுமே நடைபெற்று வருகின்றது. நூலாசிரியர் இதனைக் கதையின் நடுவே வைத்தது வெறும் காட்சியின்பத்திற்காக அன்று. அக்கதை மாந்தர் பலரும் சுமையோடு மேட்டடியில் நின்று மூச்சு வாங்குவோரே ஆவர்.

ஓடிவந்த மாணவன்

கதைத் தலைவன் ஹச்சிக்கென் யூகோ என்பான். சப்போரோ நகரத்திற் பிறந்தவன், உழவறியாக் குடியினன். மதிப்பெண்ணுக்கென்றே பயின்று, போட்டியில் மனமுடைந்து, கண்டிப்பு மிக்க தந்தையின் முகத்தைக் காண அஞ்சி, விடுதி வாழ்வு உண்டு என்னும் ஒரே காரணத்தால் இவ்வேளாண் பள்ளியைத் தேர்ந்து சேர்கின்றான். உழவின்மேல் எழுந்த விருப்பத்தால் அன்று. வீட்டினின்று ஓடும் விருப்பத்தால் வந்தான் என்க. உடன்பயில்வோரோ பெரும்பாலும் பண்ணைக் குடும்பங்களிற் பிறந்தோர். தத்தம் பண்ணையை ஏற்று நடத்துதல், விலங்கு மருத்துவராதல் என ஒவ்வொருவரும் ஒரு குறிக்கோளோடு வந்தோர். கணக்கில் அவர்களை வெல்லும் ஹச்சிக்கென், கன்று ஒன்று கட்டவிழ்த்துக்கொண்டு ஓடினால் அதன் பின்னோடிக் காட்டில் வழிதவறுகின்றான்.

அவன் அடைந்த முதல் அதிர்ச்சி ஒரு முட்டையால் நேர்ந்தது. பறவைகளுக்கு முட்டை வெளிப்படும் வாயிலும் கழிவு வெளிப்படும் வாயிலும் ஒன்றே என்பதை, பதினைந்து ஆண்டுகள் முட்டையுண்ட அவ்விளைஞன் அன்றுதான் அறிகின்றான். இனி முட்டையே உண்ணேன் என்று உறுதி பூணுகின்றான். விடியலில் எழுந்து உழைத்த பசியும், புதிதாக இட்ட முட்டையும், ஆவி பறக்கும் சோறும் ஒருங்கு கூடிய வேளையில் அவ்வுறுதி கலைந்துபோகின்றது. அதனை உண்ட அவன், அதுகாறும் அறியாத சுவை கண்டு வியக்கின்றான். இதனைப் படித்த மறுநாட் காலை எம் தட்டில் வைக்கப்பட்ட முட்டையை யாம் சிறிது நேரம் உற்றுநோக்கியிருந்தோம் என்பதையும், பின்னர் அதனை உண்டோம் என்பதையும் மறைக்காது கூறுகின்றோம்.

பள்ளியின் ஒரு மூலையிற் பயனின்றிக் கிடந்த அடுப்பொன்றைச் செப்பனிட்டு, மாணவர் யாவரும் கூடி, தம் நிலத்து மாவும் தம் மாட்டுப் பாலடைக்கட்டியும் தம் கைப்பட விளைந்த காய்களும் கொண்டு பிட்சா என்னும் இத்தாலிய அப்பம் சுடும் பகுதி மிக இனியது. பிறர் வேண்டுவதை மறுத்துரைக்க அறியாத ஹச்சிக்கென் அதற்குத் தலைமை தாங்க நேர்கின்றது. தன் மதிப்பெண்ணாற் பெறாத மதிப்பை அன்று அவன் பிறர் பசி தீர்த்துப் பெறுகின்றான். ஓடிவந்தவன் என்று தன்னைத்தானே இகழும் அவனுக்கு, உயிர் பிழைத்தற்பொருட்டு ஓடுதல் இழிவன்று என்னும் கருத்தைப் பள்ளித் தலைவர் உணர்த்தும் இடமும் ஒன்றுண்டு. கொட்டிலிற் கட்டுண்ட விலங்குக்கு ஓட இடமில்லை, மனிதனுக்கு உண்டு. தேர்வுப் பட்டியலில் தம் எண்ணைத் தேடிக் காணாது திரும்பிய நாளை உடைய எவரும், இவ்விடத்தை விரைந்து கடந்து செல்லமாட்டார்.

பெயர் பெற்ற பன்றி

இந்நூலின் உயிர்நிலை ஒரு பன்றிக்குட்டியின் வரலாறாகும். பன்றிக் குட்டிகள் பிறந்த சில நாட்களுள் தாயின் முலைக்காம்புகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். முன்வரிசைக் காம்புகளிற் பால் மிகுதி. அவற்றை வலிய குட்டிகள் கைப்பற்றும். மெலிந்தது பின்வரிசைக்குத் தள்ளப்படும். அதனால் மேலும் மெலியும். இவ்வாறு பின்தள்ளப்பட்ட ஒரு குட்டியின்பால் ஹச்சிக்கென் இரக்கங்கொள்கின்றான். போட்டியிற் பின்தள்ளப்பட்ட தன்னையே அவன் அதனிடம் கண்டான் என்பதை ஆசிரியர் விரித்துரைக்கவில்லை. உரைக்க வேண்டியதும் இல்லை.

அவன் அதற்குப் பெயரிட எண்ணுகின்றான். பண்ணைப் பிள்ளைகள் தடுக்கின்றனர்: உண்பதற்கென வளர்க்கும் உயிருக்குப் பெயரிட்டால் பிரிவு பொறுத்தற்கரியதாகும் என்பது அவர்தம் பட்டறிவு. அவனோ புத்தாதோன் என்னும் பெயரை இடுகின்றான். சோற்றின்மேற் பன்றியிறைச்சி இட்டு உண்ணும் உணவின் பெயர் அது. ஒபிஹிரோ நகரத்திற்கே சிறப்பாக உரியது. உன் முடிவை யான் மறவேன் என்று அவன் தனக்குத்தானே இட்டுக்கொண்ட உறுதிமொழி அப்பெயர் எனலாம். பெயரிட்டபின் மறப்பது எங்ஙனம்? திங்கள் சில செல்கின்றன. பண்ணைப் பன்றி ஏறக்குறைய ஆறு திங்களில் 110 கிலோ அளவுக்கு வளர்ந்து விற்பனைக்கு உரியதாகும். புத்தாதோனும் அவ்வாறே வளர்ந்து, வண்டியேறிச் செல்கின்றது.

அதன்பின் அவன் செய்தது வியத்தற்குரியது. கோடை விடுமுறையில் ஒரு பால்பண்ணையில் உழைத்து ஈட்டிய பொருளைக் கொடுத்து, அப்பன்றியின் இறைச்சியை அவனே விலைக்கு வாங்குகின்றான். அதனை உப்பிட்டுப் புகையூட்டிப் பதப்படுத்தித் தோழரோடு பகிர்ந்து உண்கின்றான். விலங்குகள் வெட்டப்படும் இடத்தைக் காட்டும் படமொன்று மாணவர்க்குக் காட்டப்படும்போது, காண விரும்பாதார் வெளியேறலாம் என்று கூறப்பட்டும் அவன் இருந்து காண்கின்றான். தான் உண்பதன் முழு வரலாற்றையும் அறிந்தே உண்ணுதல் வேண்டும் என்பது அவன் கொண்ட துணிபு. விலங்கு மருத்துவனாக விரும்பியும் குருதி கண்டால் மயங்கும் ஐக்காவா என்னும் தோழனுக்கும் இத்தகைய பாடமே வாய்க்கின்றது. அம்மருத்துவத்திற்கு வேண்டுவது யாது என்று அவன் வினவ, கொல்லவும் இயலுதல் என்னும் கருத்துப்பட விடை வருகின்றது. காப்பதற்கென வந்தவன் கேட்க விரும்பாத விடை அது. ஆயினும் மெய்யான விடை.

புலால் உண்ணலாகாது என்று இந்நூல் கூறவில்லை. உண்பதில் யாதொரு கேடுமில்லை என்று கூறி உண்பார் மனத்தைத் தேற்றவும் இல்லை. புலால் மறுத்தலை ஓர் அதிகாரமாகவே வகுத்த திருவள்ளுவரைக் கற்கும் எமக்கு இந்நடுநிலை முதலில் நிறைவளிக்கவில்லை. ஆனால், ஆழ்ந்து நோக்குங்கால் இந்நூல் எவரையும் தப்பிச்செல்ல விடவில்லை என்பது விளங்கிற்று. பசு கன்று ஈன்றாலன்றிப் பால் சுரவாது. ஈன்ற கன்று காளையாயின், பால்பண்ணையில் அதற்கு இடமில்லை. அஃது இறைச்சிக்கென விற்கப்படும். முட்டையிடுதல் குறைந்த கோழியும் கொட்டிலில் நெடுநாள் இராது. ஆதலின், ஊன் துறந்து பாலும் முட்டையும் உண்பாரும் தாம் இவ்வழக்கிற்குப் புறம்பானவர் என்று எளிதிற் கூறிவிட இயலாது. தட்டின்முன் அமர்வார் யாவரும் இவ்வழக்கிற் பங்குடையரே. அப்பங்கை அறிவதும் அறியாதிருப்பதுமே வேறுபாடு.

கடனும் கனவும்

உழைப்பவன் உயர்வான் என்பது சிறுவர் நூல்கள் யாவும் கூறும் பாடம். இந்நூல் அதனை அவ்வாறே கூறியிருப்பின், யாம் இக்கட்டுரையை எழுதியிரோம். ஹச்சிக்கெனின் தோழன் கொமாபா இச்சிரோ தந்தையை இழந்தவன். தாயோடும் இளைய தங்கையரோடும் சிறு பால்பண்ணை ஒன்றன் பாரத்தைத் தாங்குபவன். பேஸ்பால் ஆட்டத்திற் பந்தெறிவதில் வல்லவனாகிய அவன், கோஷியென் என்னும் நாடுதழுவிய பள்ளிப் போட்டியை அடைந்து, பின் தொழில்முறை ஆட்டக்காரனாகிப் பொருளீட்டிப் பண்ணையை மீட்கக் கனவு காண்கின்றான். எவரினும் மிகுதியாக உழைக்கின்றான். ஆயினும் அவன் பள்ளி தோற்கின்றது. பண்ணை கடன் தீர்க்க இயலாது மூடப்படுகின்றது. மாடுகள் ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றப்படுகின்றன. கொமாபா பள்ளியை விட்டு நீங்கித் தொழிலுக்குச் செல்கின்றான்.

இத்துயரம் அவ்வீட்டோடு நிற்கவில்லை. அக்கடனுக்குப் பிணை நின்றது அண்டைப் பண்ணையாகிய மிகாகே குடும்பம். அவ்வீட்டு மகள் அகி, குதிரைகளைத் தன் உயிரென நேசிப்பவள். கடன்சுமை அவள் வீட்டையும் அழுத்த, அக்குதிரைகளையும் இழக்க நேர்கின்றது. ஒரே மகளாகிய அவள் பண்ணையை ஏற்பாள் என்று வீட்டார் நம்பியிருக்க, தனக்கு அவ்விருப்பமின்மையையும், குதிரைகள் சார்ந்த தொழிலையே தான் விரும்புவதையும் அவள் வாய்திறந்து கூறும் இடம் இந்நூலின் மிக அரிய பகுதிகளுள் ஒன்று. இத்துன்பங்கள் எவற்றையும் ஹச்சிக்கெனால் தடுக்க இயலவில்லை. அகியின் நுழைவுத் தேர்வுக்குத் துணைநின்று பாடஞ்சொல்லுதல் ஒன்றே அவனால் இயல்வது, அதனைச் செய்கின்றான். ஒருகாலத்தில் அவனை வருத்திய கல்வியே இப்போது பிறர்க்குப் பயன்படுகின்றது.

இங்ஙனம் ஒரு பண்ணை வீழ்வதற்குக் காரணம் சோம்பலன்று என்பதை ஆசிரியர் தெளிவாக்குகின்றார். கறவை இயந்திரமும் தீவனமும் கொட்டிலும் கடனாற் பெற்றவை. பாலின் விலையோ பண்ணைக்கு வெளியே உறுதிசெய்யப்படுவது. 2006ஆம் ஆண்டில் ஹொக்கைடோவிற் பால் தேவைக்கு மிஞ்சியமையால் கறந்த பாலைக் கொட்டியழிக்க நேர்ந்தது. மறுபுறம், தமாகோ என்னும் தோழியின் குடும்பம் மிகப் பெரிய பண்ணையொன்றைத் தொழிற்சாலை போல் நடத்துகின்றது. அவளுக்குக் கணக்கே வேதம். ஆசிரியர் அவளை இகழவில்லை. கணக்கறியாத அன்பு மாட்டைக் காவாது என்பதை அவள் வாயிலாகவே உணர்த்துகின்றார். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஜப்பானில் உழவையே முதன்மைத் தொழிலாகக் கொண்டோரின் சராசரி வயது 67.8. இவ்வெண்ணை அறிந்தபின், பண்ணையை ஏற்பேன் என்று கூறும் பிள்ளையின் மொழியும், ஏலேன் என்று கூறும் பிள்ளையின் மொழியும் எத்துணைப் பாரமுடையன என்பது விளங்கும்.

மாடுகள் வண்டியேறும் பக்கங்களை வரைந்த முறையை மட்டும் ஈண்டுக் குறிப்பிடுவோம். பிற இடங்களிற் கட்டந்தோறும் சொற்களையும் ஓசைகளையும் நகைப்பூட்டும் முகங்களையும் நிரப்பும் ஆசிரியர், இங்கே சொற்களைக் குறைத்து விடுகின்றார். முகக்குறிப்பே மெய்ப்பாடாகி நிற்கின்றது. மங்காவைப் படிக்கத் தொடங்குவோர் எழுத்துள்ள கட்டங்களை மட்டும் விரைந்து படித்து, எழுத்தில்லாக் கட்டங்களைத் தாண்டிச் செல்வர். யாமும் அவ்வாறே செய்தோம். எழுத்தில்லாக் கட்டத்திலேயே மிகுதியாக நிற்றல் வேண்டும் என்பதை இப்பக்கங்களே எமக்குக் கற்பித்தன.

எம் இல்லத்தில் ஒரு வினா

இப்பகுதியைப் படித்த நாளில் எமக்கு ஒரு பழைய பரிசு நினைவுக்கு வந்தது. பள்ளியிற் பயின்ற காலத்தில், உழவின் பெருமை என்னும் பொருள்பற்றி எழுதிப் பரிசு பெற்றோம். அந்நாளில் யாம் நாற்று நடுவதைப் பேருந்தின் பலகணி வழியே கண்டிருந்தோமேயன்றி, அருகிற் சென்று கண்டதில்லை. எம் தந்தையார் உழவர் குடியிற் பிறந்தவர். நிலத்தை நீங்கி நகரம் புகுந்தவர். அவர் ஏன் நீங்கினார் என்று யாம் ஒருபோதும் கேட்டிலேம். எம் பரிசுக் கட்டுரையிலும் அவ்வினாவிற்கு இடமில்லை.

சென்ற விடுமுறையில், ‘அப்பா, நிலத்தை ஏன் விட்டீர்கள்? அத்தொழில் தங்கட்குக் கசந்ததோ?’ என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்து, ‘நிலம் கசக்கவில்லை; கடன் கசந்தது’ என்றார். பின்னர், தாம் விற்ற இரண்டு எருதுகளின் பெயரையும் கூறினார். அப்பெயர்களை எம் இல்லத்தில் அதற்குமுன் எவரும் கேட்டதில்லை. அவற்றை ஈண்டு எழுத எமக்கு உரிமையில்லை எனக் கருதி விடுக்கின்றோம். அவ்வெருதுகளை விற்றமையாலேயே யாம் இக்கல்லூரியில் அமர்ந்து உழவின் பெருமை பேசுகின்றோம் என்பது மட்டும் அன்று எமக்குப் புலனாயிற்று. உழைப்பைப் போற்றுதலும், அவ்வுழைப்பினின்று விடுபட்டமைக்கு மகிழ்தலும் ஒரே நெஞ்சில் எங்ஙனம் தங்கும் என்னும் வினாவிற்கு எம்மிடம் இன்னும் விடையில்லை.

முடிவுரை

நூலின் பெயருக்குக் காரணம் கூறாது முடித்தல் முறையன்று. செல்வக் குடியிற் பிறந்தாரை வெள்ளிக் கரண்டியோடு பிறந்தார் என்பது மேல்நாட்டார் வழக்கு. ஓயெசோப் பள்ளியின் உணவுக்கூடத்து வாயில்மேல் ஒரு வெள்ளிக் கரண்டி தொங்குகின்றது. விடியற்காலையிற் சாணம் வாரிக் கைகழுவிய பிள்ளைகள் அதன்கீழ் நுழைந்து உண்கின்றனர். பிறக்கும் மகவு உணவுக்குக் குறைவின்றி வாழ்க என்னும் வாழ்த்தின் அடையாளமும் அக்கரண்டியே. அவ்வாழ்த்தை உலகோர்க்கெல்லாம் உண்மையாக்குவோர் பண்ணை மக்கள். தமக்கு அஃது உண்மையாகுமோ என்று அஞ்சுவோரும் அவர்களே. இம்முரணையே ஆசிரியர் 15 தொகுதிகளில், நகையும் அழுகையும் விரவ, நமக்குக் காட்டினார்.

ஹச்சிக்கெனும் அவன் தோழரும் இறுதியில் அடைந்த நிலையை ஈண்டு உரையோம். படிப்பார் தாமே கண்டறிக. இந்நூல் நம்மை உழவராக்கிவிடும் என்று யாம் கூறவில்லை. உண்பதன் பெயரையும், அதனை ஆக்கியோர் பட்ட பாட்டையும், அதற்கென ஒடுங்கிய உயிரையும் அறிந்து உண்ணுதல் நம்மால் இயலும். இட்டதை எறியாதிருத்தலும் இயலும். எம் விடுதியில் மணியடிக்கின்றது. இன்று குறைகூறாது உண்ண முயல்வோம்.